முனி மரத்துப் புளியும் என் வேல்யூ ஃபண்டும்

போன வாரக் கட்டுரையில் என்னை மும்பையில், கொட்டுகிற மழையில், ஒற்றைச் செருப்போடு நிறுத்திவிட்டு வந்தேன். இன்னொரு செருப்பு கிடைத்ததா என்று சிலர் அக்கறையாக விசாரித்திருக்கிறீர்கள். கிடைக்கவில்லை. அதை விட்டுத்தள்ளுங்கள். இந்த வாரம் ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்வராயன் மலை. வெள்ளிமலை தாண்டிப் போகிற மண் ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரம். அடியில் குங்குமம் பூசிய மூன்று கல். கல்லுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கிடா. கழுத்தில் சாமந்தி மாலை. உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது. கிடா என்னைப் பார்க்கிறது. நான் கிடாவைப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமிக்கு விட்ட ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்குச் சம்மதம் இல்லை. சிலுப்புகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். யாரும் பிடித்து ஆட்டக் கூடாது.

இந்த ஆடு சிலுப்பவில்லை. குடம் குடமாக ஊற்றியாகிவிட்டது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு சுகமாக நிற்கிறது.

ஆடு சிலுப்பாவிட்டால் மரத்தில் ஆள் ஏறமாட்டார்கள். ஆள் ஏறாவிட்டால் புளி இறங்காது. புளி இறங்காவிட்டால் எனக்குக் கல்யாணம் நடக்காது.

அப்போது நான் சென்னையில் ஒரு மியூச்சுவல் ஃபண்டு கம்பெனியில் வேல்யூ ஃபண்டு மேலாளர். யார் யாருடைய பணத்துக்கோ நான் பொறுப்பு. டை கட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் நோட்ஸ் எடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், ஒரு கிடாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் ஆடுடா கண்ணா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

கை நனைக்காதே

எங்கள் ஊர் சின்னசேலம். பெண் வீடு கச்சிராயபாளையம். பெண்ணின் பெயர் கலையரசி. மலைமேல் இருக்கிற கால்நடை மருந்தகத்தில் டாக்டர். முதல் தடவை பார்க்கப் போனபோது, ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேராக வந்ததாகச் சொல்லி, கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

அன்று போகிற வழியெல்லாம் என் அம்மா ஒரே பாட்டுத்தான்.

"தோ பாருடா, காபி குடுத்தா குடி. மிக்சரு குடுத்தா தின்னு. எல போட்டாங்கன்னா மட்டும் ஒக்காந்துடாத. பேசி முடிக்காத வூட்டுல கை நனைச்சா அப்புறம் நாம வாயத் தொறக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத் தட்டுக்கு இருக்கிற மரியாதை இந்தச் சாப்பாட்டுக்கும் உண்டு. ஒரே நாளில் முடிகிற விஷயம்தானே என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் ஆகும் என்று யார் கண்டது?

பெண்ணின் அப்பா ஏழுமலை. கரும்பு விவசாயி. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பெரிய போன். காபி வந்தது. மிக்சர் வந்தது. சமையல்கட்டிலிருந்து கறிக்குழம்பு வாசனையும் வந்தது. ஏழுமலை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஜாதகம் நல்லா பொருந்திட்டுது. ஒங்க ஃபண்டுதான் பொருந்தல."

எனக்கு மிக்சர் புரையேறியது. போனை எடுத்துத் திருப்பிக் காட்டினார். தரகர் என் ஜாதகத்தைக் கொடுத்த வாரமே மனிதர் என் ஃபண்டில் பணம் போட்டிருக்கிறார்.

"பொண்ணக் குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் காசக் குடுத்துப் பாக்கலாமேன்னுதான்" என்றார். "இன்னாங்க இது, ஊர்ல இருக்குற ஃபண்டு எல்லாம் ஓடிக்கினு இருக்குது, ஒங்களுது மட்டும் படுத்துக்கினு கெடக்குது?"

"ஐயா, இது வேல்யூ ஃபண்டு. நல்ல கம்பெனி, ஆனா யாரும் சீண்டாம கெடக்கும். அதோட மதிப்பவிட கம்மி வெலையில இருக்கும்போது வாங்குவோம். வாங்கிட்டுக் காத்திருப்போம்."

"எதுக்கு?"

"அதோட மதிப்பு ஊருக்குத் தெரியிற வரைக்கும்."

"ஊருக்கு எப்பத் தெரியும்?"

"அது சொல்ல முடியாதுங்க."

"அப்ப, காத்துக்கினு ஒக்காந்திருக்கறதுக்குத்தான் வருஷா வருஷம் கூலி எடுக்கறீங்களா?"

"ஒரு வகையில ஆமாங்க."

அவர் என் அம்மா பக்கம் திரும்பினார். "ஒங்க புள்ள வெவரமான ஆளுதாம்மா" என்றார். அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பெருமையாகத் தலையாட்டினாள்.

அன்றைக்கு முடிவு எதுவும் சொல்லவில்லை. "பாக்கலாம், ஃபண்டு கொஞ்சம் எந்திரிக்கட்டும்" என்றார். கறிக்குழம்பு வாசனையைப் பின்னால் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புரோட்டா தின்றுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

தம்பி, மாப்ள, சார்

ஒரு ஃபண்டை எப்படி எடை போட வேண்டும் என்று நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். ஒரு நாளைப் பார்க்காதே, ஒரு மாதத்தைப் பார்க்காதே. சந்தை ஏறினபோதும் இறங்கினபோதும் சேர்த்துப் பார். அதே ரக ஃபண்டுகளோடு வைத்துப் பார். செலவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார். மேலாளர் சொன்னதைத்தான் செய்கிறானா, நடுவில் புத்தி மாறி ஊரோடு சேர்ந்து ஓடுகிறானா என்று பார்.

ஏழுமலை தினமும் காலையில் காபியோடு பார்த்தார். முந்தின நாள் யூனிட் விலை அதற்குள் போனில் வந்திருக்கும். பார்த்தவுடன் எனக்கு போன்.

சில வாரத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. விலை ஏறியிருந்தால், "அலோ, மாப்ளைங்களா?" என்பார். அப்படியே கிடந்தால், "தம்பி, இன்னா வெசயம்?" இறங்கியிருந்தால், "சார் வணக்கம்." நான் ஆபீஸ் போய் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் வாயைத் திறந்தால் போதும், நேற்று என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். என் ஃபண்டின் குணத்துக்கு, பெரும்பாலும் நான் தம்பியாகவே இருந்தேன்.

சந்தை ஒரு தடவை நன்றாகச் சரிந்தபோது, "ஐயா, மேனேஜர் சார் இருக்காருங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அளவுகோல். ஒன்று பேங்கு டெபாசிட். இன்னொன்று சேலத்து மாப்பிள்ளை. சேலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற ஒருவர் வீட்டிலிருந்தும் கலையரசியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அவுரு கடையில தெனைக்கும் யாவாரம் நடக்குது. ஒங்களுதுல தெனைக்கும் காத்துக்கினு இருக்கறது நடக்குது" என்பார்.

இதற்கெல்லாம் என் அப்பாவைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைப்பதை வாங்குகிற புத்தி எனக்கு அவரிடமிருந்து வந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒரு பழைய ஸ்கூட்டரைப் பாதி விலைக்கு வாங்கி வந்தார். தெருவே வந்து பார்த்தது. பிறகுதான் தெரிந்தது, அது சரிவில் தள்ளிவிட்டால் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும். எங்கள் தெரு சமதரை. தினமும் ஸ்கூட்டரை ரயில்வே கேட் பக்கத்து மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து உருட்டிவிட்டு, அப்பா குதித்து ஏறி ஆபீஸ் போவார். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் மேடு கிடையாது. தள்ளிக்கொண்டேதான் வருவார்.

மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, மலிவாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தால், எங்கள் தொழிலில் அதற்கு வேல்யூ ட்ராப் என்று பெயர். அப்பா கடைசிவரை அதை ஸ்கூட்டர் என்றுதான் சொன்னார்.

காசு என்னுது, மூளை ஒங்களுது

தை முடியப் போகிற சமயம். மறுபடி கச்சிராயபாளையம். மறுபடி காபி, மறுபடி மிக்சர். உள்ளே அன்றைக்கு நாட்டுக்கோழி. நான் மிக்சரிலிருந்து நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, சேலத்துக்காரங்க பதில் கேக்குறாங்க" என்றார் ஏழுமலை. "நானும் ஒன்றர வருசமா பாத்துக்கினு இருக்கறேன். ஒங்க ஃபண்டு எனக்குப் புரியவே இல்ல. ஒண்ணு செய்யுங்க. ஒங்க வித்தைய என் கண்ணு முன்னாடி காட்டுங்க. மலையில புளிய மரத்த மகசூலுக்கு வுடுறாங்க. எந்த மரம், இன்னா வெலன்னு நீங்க முடிவு பண்ணுங்க. காசு என்னுது, மூளை ஒங்களுது. அதானே ஃபண்டு?"

"அதேதாங்க."

"நல்லா வந்தா அன்னைக்கே பேசி முடிச்சிடலாம். வரலைன்னா யூனிட்டையும் வித்துடறேன், பொண்ணுக்கும் வேற எடம் பாத்துடறேன்."

"அப்படியே என் கூலி?" என்றேன், தொழில் பழக்கத்தில்.

"ஒரு கை புளி எடுத்துக்குங்க."

எங்கள் கம்பெனி பிடிப்பதைவிடக் கம்மி. ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் கலையரசி போன் செய்தாள். "யூனிட்ட விக்கிறதும் என்னக் கட்டிக்குடுக்கறதும் எங்கப்பாவுக்கு ஒரே கணக்கா ஆயிட்டுது பாத்தீங்களா? ஆமா, நீங்க புளிய மரம் பாத்திருக்கீங்களா?"

"ரசத்துல பாத்திருக்கேன்."

"நல்லா இருக்குது போங்க! தோ பாருங்க, எனக்கு அந்த செல்போன் கடைக்காரரு வேணாம். நீங்கதான் வேணும். ஒழுங்கா ஒரு மரத்தப் பாத்து எடுங்க."

ஒன்றரை வருஷத்தில் அவள் இப்படி வெளிப்படையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று என் ஃபண்டு இறங்கியிருந்தது. எனக்குத் துளிக் கவலை இல்லை.

நீங்க கேக்கல

புளியமரத்தை மகசூலுக்கு எடுப்பதும் பங்கு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். காய் மரத்தில் தொங்கும்போதே, இது இவ்வளவு தேறும் என்று கண்ணால் அளந்து, உரித்தால் என்ன நிற்கும், ஆள்கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கள்ளக்குறிச்சி மண்டியில் என்ன விலை போகும் என்று கழித்துக் கூட்டி ஒரு தொகை பேச வேண்டும். கணக்கு தப்பினாலும் அடி படாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேச வேண்டும். இதைத்தான் நான் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். மரம் மரமாகப் பார்த்தேன். எக்செல்லில் போட்டேன். கடைசியில் ஒரு மரம் கண்ணில் பட்டது. கிளை ஒடிகிற மாதிரி காய். சுற்று வட்டாரத்தில் அதைவிடக் காய்த்த மரம் இல்லை. ஆனால் யாரும் அதைக் கேட்கக் காணோம். நான் ஒன்றரை வருஷமாக ஏழுமலைக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாடத்துக்கு அச்சடித்த உதாரணம்.

மரத்துக்காரர் பெயர் சடையன். மலையூர்க்காரர். பீடி குடித்துக்கொண்டு என் லேப்டாப்பை வேடிக்கை பார்த்தார். நான் கணக்கில் வந்த மதிப்பில் பாதியைச் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள், "சரிங்க" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னால் ஓடிவிட வேண்டும். என் தொழிலில் சேருகிற எந்தப் பையனுக்கும் முதல் வாரம் இதைத்தான் சொல்லித் தருவார்கள். நான் ஓடவில்லை. சடையனோடு கை குலுக்கி செல்ஃபி எடுத்துக்கொண்டு, அதைக் கலையரசிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காய் உலுக்குகிற ஆட்கள் வந்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். அப்படியே திரும்பி நடந்தார்கள்.

"எங்கங்க போறீங்க?"

"இது முனி மரம்ங்க. கெடா வெட்டி, சாமி உத்தரவு குடுத்தாத்தான் ஏறுவோம். இல்லாங்காட்டி கைகூட வைக்க மாட்டோம்."

நான் சடையனிடம் ஓடினேன். "ஏங்க, இதச் சொல்லவே இல்லையே?"

அவர் பொறுமையாக பீடியை அணைத்தார். "நீங்க கேக்கலைங்களே. வெலதான் கேட்டீங்க."

ஏழுமலைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. நான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "ஐயா, கெடா ஒரு தடவைச் செலவுதான். அத இந்தக் கணக்குல சேர்க்கக் கூடாது" என்றேன். கம்பெனிக்காரர்கள் எங்களிடம் சொல்கிற அதே வசனம்.

"ஒரு தடவ செலவா? சார், முனிக்கு வருசா வருசம் கெடா" என்றார்.

சார் ஆகிவிட்டேன். அப்போது மணி காலை ஒன்பதுகூட ஆகவில்லை, சந்தையே திறக்கவில்லை.

வெந்நீர்

கிடா ஏழுமலை வீட்டுப் பட்டியிலிருந்து வந்தது. அதன் விலையையும் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார். விடிந்ததும் ஜீப்பில் ஏறினோம். முன்னால் ஏழுமலையும் அவர் சம்சாரமும். பின்னால் நான், என் அம்மா, சமையல் பாத்திரங்கள், கிடா.

கோமுகி அணை தாண்டி மலை வளைவு ஏற ஏற, கிடா என் பக்கமாகச் சாய்ந்தது. என் கையிலிருந்த எக்செல் தாளை முகர்ந்தது. தின்றது. மூன்று வருஷ மகசூல் கணக்கு, மண்டி விலை, எல்லாவற்றையும் நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, தலையை என் மடியில் வைத்துத் தூங்கிப்போனது. காது எவ்வளவு மெத்தென்று இருந்தது தெரியுமா?

வாங்கின பங்கின் மேல் பாசம் வைக்காதே என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆட்டைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை.

மரத்தடியில் சடையன்தான் பூசாரி. சூடம் காட்டினார், தண்ணீர் ஊற்றினார். ஆடு சிலுப்பவில்லை. இன்னொரு குடம். இல்லை. உலுக்குகிற ஆட்கள் கட்டைச் சுவரில் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தார்கள். ஏழுமலை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆடுகூட ஒங்க ஃபண்டு மாதிரியே நிக்குதுங்க."

"கொஞ்சம் காத்திருக்கலாங்க."

"அதான, ஒங்களுக்கு வேற இன்னா தெரியும்?"

காத்திருந்தோம். எனக்கு இரண்டு பக்கமும் வலி. சிலுப்பாவிட்டால் கலையரசி இல்லை. சிலுப்பினால் ஆடு இல்லை. அதன் கண்ணைப் பார்க்க முடியாமல் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்துக்குத்தான் கலையரசி மருந்தகத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். கிட்டே போய் முதுகில் கை வைத்தாள். புருவம் நெரிந்தது. குடத்துக்குள் விரலை விட்டாள்.

"இன்னா இது, தண்ணி இவ்ளோ சூடா இருக்குது?"

எல்லாரும் குடத்தைப் பார்த்தோம். குடத்துக்குப் பின்னால், மூன்று கல் கூட்டிய அடுப்பில் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பின்னால் என் அம்மா, விறகைத் தள்ளியபடி.

"நான்தாம்மா வெளாவி வச்சேன்" என்றாள். "இந்தக் குளுருல பச்சத் தண்ணிய ஊத்துனா அதுக்கு சளி புடிச்சிக்காதா? வாயில்லா சீவன்!"

அடக் கடவுளே! காலையிலிருந்து நாங்கள் அந்தக் கிடாவுக்குப் பதமான வெந்நீரில் குளியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். அது எதற்குச் சிலுப்பும்? இன்னும் ஊற்று என்றுதான் நிற்கும்.

ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வெட்டப்போற ஆட்டுக்கு சளி புடிச்சா இன்னாம்மா?"

"அதுக்காக?" என்றாள் அம்மா. இன்னொரு விறகைத் தள்ளினாள்.

கலையரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடையிலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து சடையனிடம் கொடுத்தாள். அவர் ஊற்றினார். கிடா திடுக்கென்று கண்ணைத் திறந்தது. காதிலிருந்து வால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பியதே பார்க்கணும்! மஞ்சள் தண்ணீர் என் வெள்ளைச் சட்டை முழுக்க. "முனியப்பா!" என்று ஆட்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அம்மா குலவையிட்டாள்.

நான் ஜீப்புக்குப் பின்னால் போய், டயரைப் பார்த்தபடி காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இலை

மரத்தை உலுக்கினார்கள். புளி கொட்டியது. மதியத்துக்குள் மரத்தடியில் என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். ஏழுமலை குவியலைச் சுற்றி வந்தார். ஒரு காயை உடைத்து நாக்கில் வைத்தார். விரல் மடக்கி முணுமுணுத்தார். மரத்துக்குக் கொடுத்தது, ஆள்கூலி, ஜீப்பு, கிடா.

"எல்லாம் போவ, பேங்குல போட்டிருந்தா வந்திருக்குற அளவுக்குத்தான் வருது" என்றார்.

ஒன்றரை வருஷம். இத்தனை மிக்சர். எல்லாம் போயிற்று.

அவர் கொதிக்கிற குழம்புச் சட்டியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஆனா பேங்குல கறிசோறு போட மாட்டான்." கொஞ்சம் யோசித்தார். "இத இன்னானு சொல்லுவீங்க?"

"டிவிடெண்டு, மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. அதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருந்தேன். ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். கலையரசி குனிந்து கொலுசைச் சரிசெய்தாள். அவள் அன்று கொலுசே போடவில்லை.

"எலையப் போடுங்கடா" என்றார் ஏழுமலை. "மாப்ளைக்கு மொதோ எல."

வாழையிலை வந்தது. சோறு வந்தது. அதன் மேல் குழம்பு, நல்ல நல்ல துண்டாகப் பார்த்து. எல்லாக் கண்ணும் என் கையில்.

என் கை அசையவில்லை. மடியில் தூங்கின தலைதான் ஞாபகம் வந்தது. அந்தக் காது.

"இன்னா மாப்ள, கை வைக்கல?" என்றார். குரலில் சந்தேகம் தட்டியது. "எங்க வூட்டு சோத்துல கை நனைக்க மனசில்லையா? இன்னும் காத்துக்கினு இருக்கறதா உத்தேசமா?"

ஒன்றரை வருஷமாக என்னைக் கை நனைக்கவிடாமல் காவல் காத்த அம்மா, பக்கத்து இலையிலிருந்து தொடையைக் கிள்ளினாள். "நனைடா! நனைச்சித் தொலைடா!"

சொல்லவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. அப்போது என் இலை இழுபட்டது. கலையரசி அதை ஏழுமலை முன்னால் தள்ளிவிட்டு, எனக்குப் புது இலை போட்டு, வெறும் சோறு வைத்து, ரசத்தை ஊற்றினாள்.

"இதுவும் நம்ம வூட்டு சோறுதானப்பா? இந்த மரத்துப் புளிதான், இப்பத்தான் அம்மா கரைச்சாங்க. அவுருக்கு அந்தக் கெடா மேல பாசம் வந்துட்டுது. காலைல ஜீப்புல மடியில போட்டுக்கினு வந்தாராமே."

நான் பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன். மிளகு, பூண்டு, மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய புளி. ஐயோ, அந்த ரசம்! திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகும் ஒரு காரணம்.

ஏழுமலை என் பங்குக் கறியையும் சேர்த்துச் சாப்பிட்டபடி கவலையாக ஒரு கேள்வி கேட்டார். "ஏன் மாப்ள, வாங்குறதுமேல எல்லாம் பாசம் வச்சா, அப்புறம் எப்பத்தான் விப்பீங்க?"

என் ஃபண்டைப் பற்றி இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அதுதான். வாயில் ரசச் சோறு இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அடுத்த வாரமே சந்தை விழுந்தது. லேசாக அல்ல, நன்றாகவே. என் ஃபண்டும் சேர்ந்து விழுந்தது. மறுநாள் காலை போன் அடித்தது. ஏழுமலை. சார் வணக்கத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு எடுத்தேன்.

"அலோ, மாப்ளயா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "மாமா, நேத்து ரொம்ப எறங்கிட்டுது. பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன். சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல சாப்புடுங்க. கம்மியாத்தான கெடைக்குது? கரும்பு காசு வந்திருக்குது, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடறேன். காத்துக்கினு இருப்போம், இன்னா இப்ப?"

ஆபீஸ் விதிப்படி, முதலீடு சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்று நான் அவரிடம் அந்த நேரத்தில் ஒப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், "சரிங்க மாமா" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ கத்தியது. குட்டிக் குரல்.

"மாமா, அது இன்னா சத்தம்?"

"அதுவா? நேத்துதான் சந்தையில ஒரு குட்டி புடிச்சாந்தேன். அடுத்த வருசத்து ஒரு தடவ செலவு."